கிழிதாளுக்கு ஒரு நாள் விடுப்பு

1

லைப்சிக் நகரில் நான் வாரம் இரண்டு நாள் வேலை பார்க்கும் அலுவலகத்தில், ஒரு சர்வரை நிறுத்துவதற்கும் படிவம் உண்டு. எந்தச் சர்வர், எப்போதிலிருந்து, எப்போது வரை, என்ன காரணம் என்று நான்கு கட்டங்கள். காரணத்துக்கான விடைகளை அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்: பராமரிப்பு, மேம்படுத்தல், பாதுகாப்பு, பிற. கடைசி விடையைத் தேர்ந்தால் மட்டும் அதன் கீழே ஒரு வரி எழுத இடம் திறக்கும்.

மூன்று நாட்களுக்கு முன் அந்தப் படிவத்தை எடுத்து, முதல் மூன்று கட்டங்களை நிரப்பிவிட்டு, நான்காவதில் சற்று நேரம் நின்றேன். சென்ற ஆண்டு இதே பருவத்தில் நான் செய்த ஒரு பிழையின் தொடர்ச்சி அது. ஊரில் இருப்பவர்கள் சிரிப்பார்கள் என்பதால் இதைப் பற்றி நான் இதுவரை எழுதவில்லை. ஓராண்டு கழிந்துவிட்டது. இனிச் சிரித்துக்கொள்ளலாம்.

2

நான் இங்கே ஒப்பிலக்கியம் படிக்க வந்தவள். கணினியைப் பற்றி எனக்குத் தெரிந்தது, கட்டுரை தட்டச்சு செய்யப் போதுமான அளவே. வேலைக்குச் சேர்ந்த இடமோ ஓர் இலாப நோக்கற்ற அமைப்பு. கட்டற்ற மென்பொருள்களைக் கூட்டாக உருவாக்குகிறவர்களுக்குத் துணை நிற்பது அதன் பணி. இந்த ஒரு வாக்கியத்தை, விருதுநகரில் மிளகாய் வத்தல் மொத்த வியாபாரம் செய்யும் என் தந்தைக்கு, என் அத்தாவுக்கு, புரியவைக்க மூன்று தொலைபேசி அழைப்புகள் பிடித்தன.

"அந்த மென்பொருளுக்கு ஓனர் யாரு?" என்றார் முதல் அழைப்பில்.

"ஓனரே இல்ல அத்தா. ஊருக்கு ஒருத்தர் உக்காந்து எழுதுவாங்க. யாரும் எடுத்துக்கலாம், உள்ள என்ன எழுதியிருக்குன்னு பாக்கலாம், மாத்தலாம், அடுத்தவுகளுக்குக் குடுக்கலாம்."

"சம்பளம்?"

"கெடையாது."

"அப்படின்னா அது வேலையில்லம்மா, கிறுக்கு," என்று அன்றைக்கு வைத்துவிட்டார். இரண்டாவது அழைப்பிலும் முன்னேற்றம் இல்லை. மூன்றாவதில் அவராகவே கேட்டார்: "சரி, நீ சொல்ற மாதிரியே இருக்கட்டும். நாளைக்கு எவனாவது வந்து இது என்னோட சரக்குன்னு சொன்னா, இல்லப்பான்னு சொல்ல அங்கன ஆளு யாரு?"

எங்கள் அமைப்பு இருப்பதற்கான காரணத்தை அதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் கேட்டதில்லை. சேர்ந்து வேலை செய்யும் பத்துப் பேரைச் சட்டம் ஓர் ஆளாகப் பார்ப்பதில்லை. அவர்களால் ஒரு பெயரை வைத்துக்கொள்ள முடியாது, ஒப்பந்தத்தில் கையெழுத்திட முடியாது, ஒரு வக்கீல் நோட்டீசுக்குப் பதில் எழுத முடியாது. அவற்றையெல்லாம் எங்கள் அமைப்பு தன் பெயரில் செய்கிறது. மென்பொருளின் பெயரையும் இணைய முகவரியையும் சர்வரையும் அது பொறுப்பேற்று வைத்திருக்கும். ஆனால் நிரலில் ஒரு வரியும் எழுதாது, எதை எழுத வேண்டும் என்றும் சொல்லாது. உள்ளே வேலை நடந்துகொண்டிருக்க, வாசலில் வந்து கதவைத் தட்டுகிறவர்களுக்குப் பதில் சொல்வது மட்டுமே அதன் வேலை.

சட்டத்துக்காக வேறொரு பெயரின் கீழ் இருப்பது எனக்கும் பழக்கமானதுதான். எனக்கு இருப்பது ஒற்றைப் பெயர்: நஸீமா. கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் அத்தாவின் பெயர் இருக்கிறது. ஆகவே வெளிநாட்டவர் அலுவலகமும் வங்கியும் காப்பீட்டு நிறுவனமும் எனக்கு எழுதும் கடிதங்கள் எல்லாம் 'மதிப்பிற்குரிய திருமதி காதர் மைதீன்' என்று தொடங்குகின்றன. முதல் ஆண்டு திருத்தம் கேட்டு மூன்று படிவங்கள் கொடுத்தேன். இப்போது அந்தப் பெயரைக் கூப்பிட்டால் எழுந்து நிற்கிறேன்.

3

சென்ற ஆண்டு செப்டம்பரில், அமைப்பின் தலைவர் ஹைகே ஒரு விண்ணப்பத்தை என் மேசையில் வைத்தார். "உங்கள் மொழி என்று நினைக்கிறேன். உங்கள் ஊருக்கு அருகிலா?" என்று கேட்டார்.

அருகில்தான். மென்பொருளின் பெயர் கிழிதாள். தினசரி காலண்டரின் தாள்களை வடிவமைத்துத் தருவது. ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, திதி, நட்சத்திரம், ராகு காலம், ஹிஜ்ரி தேதி, தேவாலயத் திருநாள் எல்லாவற்றையும் கணக்கிட்டு, அச்சகத்துக்கு ஏற்றவாறு அடுக்கித் தரும். சிவகாசியில் பல சிறிய அச்சகங்கள் அதைப் பயன்படுத்துகின்றன. ஒரு தாளில் அமாவாசை தவறிப்போனால், அச்சாகி ஊர் ஊராகப் போய்விட்ட பிறகு திரும்ப அழைக்க வழியில்லை. ஆகவே பிழை பார்ப்பதே அதில் பாதி வேலை. இணையத்தில் தாளைத் திறந்து யார் வேண்டுமானாலும் பிழையைக் குறிக்கலாம். ஒவ்வொரு திருத்தத்தோடும் திருத்தியவர் பெயர் இருக்கும்.

முதல் காணொளி அழைப்பில் இருவர் வந்தார்கள். ஒருவர் முத்துக்குமார், காரியாபட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம், விருதுநகரில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார், நிரலில் பெரும்பகுதி அவர் எழுதியது. மற்றவர் செல்வி, சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் பிழை பார்ப்பவர், நாற்பத்தைந்து வயது இருக்கலாம். நான் விண்ணப்பத்தின் விவரங்களை விளக்கத் தொடங்கியதும் செல்வி இடைமறித்தார்.

"கோவிச்சுக்காதீக. டி.வி.ல நியூஸ் வாசிக்கிற மாதிரியே பேசுறீகளே, எந்த ஊரு?"

"விருதுநகர்தான்."

"ஆத்தாடி! நம்ம விருதுநகரா? சாப்பிட்டீகளா தாயி?"

நான்கு ஆண்டுகளாக அத்தாவைத் தவிர ஊர்க்காரர்கள் யாரோடும் பேசாமல், புத்தகத் தமிழையே படித்து எழுதிக்கொண்டிருந்ததன் விளைவு அது என்று விளக்கவில்லை. சாப்பிட்டேன் என்றேன்.

அவர்களுக்கு எங்கள் உதவி அவசரமாகத் தேவைப்பட்டது. வெளியூர் நிறுவனம் ஒன்று கிழிதாளின் நிரலை எடுத்துச் சிறிது மாற்றி, விலை வைத்து விற்கத் தொடங்கியிருந்தது. அதுவரை தவறில்லை, அந்த உரிமை எல்லோருக்கும் உண்டு. ஆனால் கிழிதாள் என்ற பெயரும் தனக்கே உரியது, இணைய முகவரியைப் பதினைந்து நாட்களுக்குள் ஒப்படைக்க வேண்டும், இல்லாவிட்டால் வழக்கு என்று முத்துக்குமாரின் வீட்டு முகவரிக்கு வக்கீல் நோட்டீஸ் வந்திருந்தது.

"எங்கப்பா ரெண்டு நாளாச் சோறு திங்கல மேடம்," என்றார் முத்துக்குமார். "எங்க வம்சத்துலயே யாரும் கோர்ட்டுப் படி ஏறுனதில்லையாம். பேரக் குடுத்துத் தொலைச்சுட்டு வயலப் பாருங்கிறாரு."

எங்கள் அமைப்பு கிழிதாளை ஏற்றுக்கொண்டால் நோட்டீசுக்குப் பதில் எங்களிடமிருந்து போகும். ஏற்காவிட்டால் பெயர் போய்விடும். முத்துக்குமாரும் இதை விட்டுப் போய்விடுவார் என்பது அவர் குரலிலேயே தெரிந்தது.

விண்ணப்பத்தில் ஒரே ஒரு பலவீனம். முகவரி முத்துக்குமாரின் பெயரில், சர்வர் முத்துக்குமாரின் கடையில், நிரல் பெரும்பாலும் முத்துக்குமாருடையது. ஒரே ஆளின் கையில் இருக்கும் எதையும், விண்ணப்பங்களை ஆராயும் எங்கள் குழு ஏற்பதில்லை. 'முடிவுகளை எவ்வாறு எடுக்கிறீர்கள்' என்ற கேள்விக்குப் பிற குழுக்கள் நான்கைந்து பக்கம் எழுதி, வரைபடமும் இணைப்பார்கள். இவர்கள் இரண்டு சொற்கள் எழுதியிருந்தார்கள்: பேசி முடிப்போம். அதை ஜெர்மனில் எப்படி எழுதினாலும், ஒன்றும் யோசிக்காதவர்களின் விடையாகவே தோன்றியது.

4

நேர்காணலுக்குக் குழுவினர் ஐவருக்கும் ஒத்துவந்தவை இரண்டே நாட்கள். தேர்வை ஹைகே என்னிடம் விட்டார். அலுவலகச் சுவரில் தொங்கிய நாட்காட்டியில் இரண்டும் வெற்றுக் கட்டங்கள். இரண்டாவது நாளில் எனக்கு வகுப்பு இருந்தது. முதல் நாளைக் குறித்து, காலை பத்து மணி, அங்கே பிற்பகல் ஒன்றரை என்று அவர்களுக்கு எழுதினேன். 'சரிங்க மேடம்' என்று உடனே பதில் வந்தது.

அன்று காலை திரை திறந்ததும் முத்துக்குமாரின் நெற்றியில் சந்தனம் இருந்தது. பின்னால் மேசையில் இருந்த கணினிகளின் நெற்றியிலும் இருந்தது. அது எனக்கு எதையும் நினைவூட்டவில்லை என்பதைப் பதிவு செய்ய வேண்டும்.

ஹைகே கிழிதாளின் முகவரியைத் தட்டினார். பக்கம் வரவில்லை. மறுபடி தட்டினார். குழுவில் ஒருவர் மற்றவரைப் பார்த்தார். உயிரில்லாத மென்பொருள்கள் பலவற்றை அவர்கள் பார்த்தவர்கள்.

"சர்வர் கிடைக்கவில்லையே?" என்று நான் தமிழில் கேட்டேன்.

"கெடைக்காது மேடம். நேத்து சாயந்தரமே நிப்பாட்டியாச்சு. இன்னைக்கு ஆயுத பூசைல்ல?"

எங்கள் வத்தல் கிட்டங்கியில் அந்த நாளுக்கு முந்திய மாலையே தராசைக் கழுவிவிடுவார்கள். லோடு இறக்குகிறவர்கள் தராசுக்கும் கோணி ஊசிக்கும் தள்ளுவண்டிக்கும் பொட்டு வைப்பார்கள். அத்தா வாசலில் நின்றுகொண்டு, அவர்கள் பூசையை முடித்து வெளியே வந்ததும் ஒவ்வொருவருக்கும் பொரிப் பொட்டலமும் வேட்டியும் கொடுப்பார். எங்களுக்கு அந்தப் பூசை கிடையாது. ஆனால் அன்று எங்கள் தராசில் ஒரு வத்தல்கூட ஏறியதில்லை. லாரி வந்து நின்றாலும் மறுநாள்தான். பிறந்ததிலிருந்து பார்த்த நாள். யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிராத நாள். அதனால்தான் மறந்ததோ என்னவோ.

விண்ணப்பத்தைச் சோதிப்பதற்காகக் கிழிதாள் என் மடிக்கணினியிலேயே இருந்தது. அந்தத் தேதியின் தாளை ஒரு முறை திறந்திருந்தால், தடித்த எழுத்தில் அது எனக்குச் சொல்லியிருக்கும்.

"முன்பே சொல்லியிருக்கலாமே," என்றேன்.

இன்னொரு கட்டத்தில் இருந்த செல்வி பேசினார். "நீங்க நம்ம ஊருப் பிள்ளை. தெரிஞ்சுதான் வச்சிருப்பீகன்னு இருந்துட்டோம். பேச்சு மட்டுந்தான, மெஷினத் தொடச் சொல்ல மாட்டாகன்னு நெனச்சோம். அதோட, ஆபீசு குடுத்த தேதிய மாத்துங்கன்னு நம்ம எப்படித் தாயி கேக்குறது?"

எங்கள் பக்கத்தில் யாரும் கேட்பதில்லை. சூலக்கரையில் கலெக்டர் அலுவலகம் ஒரு தேதி கொடுத்தால், வீட்டில் கல்யாணமே இருந்தாலும் அந்தத் தேதியில் போய் நிற்பார்கள். ஹைகேயிடம் தேதியை மாற்றக் கேட்டு வாரம் நான்கு பேர் எழுதுவதை அவர்கள் அறிய வாய்ப்பில்லை.

"இந்தா, இப்பமே போட்டுர்றேன் மேடம். பத்தே நிமிசம்," என்று முத்துக்குமார் எழுந்தார். அவருக்குப் பின்னாலிருந்து, பூசைக்காக வந்திருந்த அவருடைய அப்பாவின் குரல் கேட்டது: "போடுலே! வக்கீலு வாசலுக்கு வர்றதுக்கு முன்னால போடு. சாமி ஒண்ணும் சொல்லாது."

நோட்டீசின் கெடுவுக்கு ஐந்து நாட்கள் இருந்தன. குழு அடுத்துக் கூடுவது ஒரு மாதம் கழித்து. 'போடுங்கள்' என்ற சொல் என் வாய்வரை வந்துவிட்டது. அதை இப்போதும் மறைக்க விரும்பவில்லை.

"தம்பி," என்றார் செல்வி, குரலை உயர்த்தாமல். "மெயில் லிஸ்ட்டுல பேசி முடிச்சது ஞாபகம் இருக்குல்ல?"

முத்துக்குமார் நின்றார். பிறகு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"யேய், என்னலே உக்காந்துட்ட?" என்றது பின்குரல்.

"பேசாம இருங்கப்பா."

5

தேதி என் பிழை என்பதை முதலில் ஹைகேயிடம் சொன்னேன். என்ன நாள் என்பதையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை; கோபத்தைவிட நியாயமான ஒரு கேள்வியைக் கேட்டார்: "அவரிடம்தானே பொத்தான் இருக்கிறது. ஏன் போடவில்லை?"

தெரியவில்லை என்றேன். செல்வி சொன்ன லிஸ்ட் அவர்களுடைய மின்மடல் குழு; அதன் பழைய மடல்கள் வேறொரு சர்வரில், எவரும் படிக்கும்படி இருந்தன. அவற்றைத் திறந்து, ஐந்து பேர் முன்னிலையில், படித்துக்கொண்டே ஜெர்மனில் சொல்லத் தொடங்கினேன்.

பத்து நாட்களுக்கு முன் முத்துக்குமார்தான் தொடங்கியிருந்தார். 'மலேசியாவுல ஒரு கோயில்க்காரங்க நம்ம தாளைத்தான் போடுறாங்க. அவங்களுக்கு அது வேலை நாளு. இந்த வருசம் சர்வரை மட்டும் நிப்பாட்டாம விட்டுருவோமா? என் கடை மெஷினுக்கு மட்டும் பொட்டு வச்சுக்கிறேன்.' வெளியூரிலிருந்து நிரல் எழுதும் நால்வர் உடனே ஆமோதித்திருந்தார்கள். சர்வருக்குக் களைப்பு கிடையாது என்று ஒருவர் எழுதியிருந்தார்.

ஹிஜ்ரி தேதிகளைச் சரிபார்க்கும் ஜலீல் பாய், விருதுநகர்க்காரர், அடுத்து எழுதியிருந்தார். 'எனக்கு அந்தப் பூசை இல்ல. ஆனா எங்க தெரு சைக்கிள் கடைக்காரரு அன்னைக்குப் பம்ப்பத் தொட மாட்டாரு. டயருல காத்து இல்லேன்னா உருட்டிக்கிட்டுப் போறோம். யாரும் செத்துப்போகல. நிப்பாட்டிக்கோ மாப்ளே, பொரிய மட்டும் பார்சல் பண்ணிரு.'

குழுவினர் சிரித்தார்கள். அதற்கடுத்த மடல் செல்வியுடையது. அதைப் படிக்கும்போது அவர் திரையில் இருந்தார். ஜெர்மன் அவருக்குப் புரியாவிட்டாலும், எதைப் படிக்கிறேன் என்பது தெரிந்திருக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

'நான் பூசைக்காகச் சொல்லல. பிரஸ்ஸுக்கு அன்னைக்கு லீவு. ஆனா சர்வர் ஓடுனா, ஏம்மா ஒரு தாளை மட்டும் போன்லயே பாத்து முடிச்சிரேன்னு ஓனரு சொல்லுவாரு. அவரு மோசமான மனுசன் இல்ல. சீசன் அப்படி. ஆடியில ஆர்டர் வந்தா மார்கழி வரைக்கும் ஞாயித்துக்கிழமைகூட எங்களுக்குக் கெடையாது. முந்தி மெஷின் நின்னா வேலை நின்னுச்சு. இப்ப மெஷினு எங்க கையோட வீட்டுக்கு வந்துருச்சு. நீங்க சர்வரை நிப்பாட்டுனாத்தான் பிழை பாக்குற எங்க பதினோரு பேருக்கும் லீவு. வருசத்துல ஒரு நாளு கேக்குறேன்.'

பிறகு நால்வரும் ஒவ்வொருவராகத் தங்கள் கருத்தைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். தாள்களை முந்தைய நாளே எடுத்துக்கொள்கிறோம் என்று மலேசியாவிலிருந்து மடல் வந்திருந்தது. கடைசியில் முத்துக்குமாரின் ஒரு வரி: 'அப்படின்னா நிப்பாட்டிர்றேன் அக்கா.'

"இந்த அம்மையார் எத்தனை வரி நிரல் எழுதியிருக்கிறார்?" என்று ஹைகே கேட்டார்.

"ஒன்றும் இல்லை."

ஹைகே முத்துக்குமாரைப் பார்த்தார். "நோட்டீஸ் உங்கள் பெயருக்கு வந்திருக்கிறது. பொத்தான் உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. இந்தக் கூட்டம் தவறினால் நட்டம் உங்களுக்குத்தான். ஏன் போடவில்லை?"

நான் தமிழில் கேட்டேன். அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை.

"சுவிட்சு என் கடையில இருக்குன்னா போட்டுர முடியுமா? பேசி முடிச்சாச்சுல்ல மேடம்."

முடிவுகளை எவ்வாறு எடுக்கிறீர்கள் என்ற கட்டத்தில் நான் பலவீனமாக மொழிபெயர்த்திருந்த அதே விடை. இம்முறை அதை மொழிபெயர்க்க எனக்குச் சிரமம் இருக்கவில்லை.

6

குழு கிழிதாளை அன்றே ஏற்றுக்கொண்டது. மூன்றாம் நாள் எங்கள் வக்கீலின் பதில் கடிதம் போனது. அந்தப் பெயர் இத்தனை காலமாகப் பொதுவில் புழங்கிவருவதற்கான சான்றுகளை இணைத்திருந்தார். சில வாரங்களில் அந்த நிறுவனம் தன் சரக்குக்கு வேறு பெயர் வைத்துக்கொண்டது. முத்துக்குமாரின் அப்பா காரியாபட்டி டீக்கடையில், "எம் மகனுக்கு ஜெர்மன்காரன்ல பதில் எழுதுறான்," என்று சொல்லிக்கொண்டிருப்பதாகத் தகவல்.

அத்தாவிடம் தேதியைப் பற்றியும் சொன்னேன். நெடுநேரம் சிரித்தார். "அத்தாவோட தராசுக்குப் பொட்டு வைக்கிற நாளே மறந்துபோச்சா? இன்னும் ரெண்டு வருசம் போனா எம் பேரே மறந்துரும்போல," என்றார். உங்கள் பெயரைச் சொல்லித்தான் இங்கே என்னைக் கூப்பிடுகிறார்கள், மறக்க வழியில்லை என்றேன். அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது. எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

குழு ஒரே ஒரு நிபந்தனை விதித்திருந்தது: சர்வர் முத்துக்குமாரின் கடையில் இருக்கக் கூடாது. இப்போது அது இங்கிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத் தொலைவில், சன்னல் இல்லாத ஒரு கட்டடத்தில் ஓடுகிறது. அங்கே மின்சாரம் போவதில்லை. யாரும் சந்தனம் வைப்பதில்லை. அது நிற்பதே இல்லை. செல்வி கேட்டுப் பெற்ற ஒரு நாளை நாங்கள் செய்த உதவியே விழுங்கிவிடக்கூடும் என்பது, சென்ற வாரம் மடல் குழுவில் முத்துக்குமார் எழுதும்வரை எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

'இப்ப அது ஜெர்மன் மெஷினு. அதுக்கு ஏது ஆயுத பூசை? என்ன செய்றதுன்னு சொல்லுங்க.'

செல்வி இம்முறை நீளமாக எழுதவில்லை. 'மெஷின் எந்த ஊர்ல இருந்தா என்ன தம்பி? பாக்குற கண்ணு சிவகாசியிலதான இருக்கு.'

ஜலீல் பாய் பொரியைப் பற்றி மட்டும் கேட்டிருந்தார். எதிர்ப்பு வரவில்லை. பேசி முடித்தாயிற்று என்று முத்துக்குமார் எனக்குத் தகவல் அனுப்பினார்.

படிவத்தின் நான்காம் கட்டத்தில் 'பிற' என்பதைத் தேர்ந்தேன். திறந்த வரியில் திருவிழா என்று எழுதினால் ஒருவரும் கேள்வி கேட்கமாட்டார்கள். அது எளிது, ஆனால் அது செல்வி சொன்னது ஆகாது. 'பிழை பார்ப்பவர்களுக்கு விடுமுறை' என்று எழுதினேன். பிற்பகலில் சர்வர்களைக் கவனிக்கும் பொறியாளர் தொலைபேசியில் அழைத்தார்.

"இயந்திரத்தில் கோளாறு ஏதும் இல்லையே?"

"இல்லை."

"அப்படியானால், இவர்களுக்கு விடுமுறை என்பதற்காக நிறுத்த வேண்டும்."

"ஆம்."

சற்று நேரம் தட்டச்சு ஒலி கேட்டது. "இங்குள்ள நேரப்படியா, அங்குள்ள நேரப்படியா?"

"அங்குள்ள நேரப்படி."

ஆயுத பூசையான இன்று காலை அத்தா அழைத்து, இந்த ஆண்டாவது நாள் நினைவிருந்ததா என்று கேட்டார். இல்லை, அவர்கள் மடல் வந்ததால்தான் தெரிந்தது என்றேன். அவர் சிரிக்கவில்லை. பின்னால் கிட்டங்கி அமைதியாக இருந்தது.

கிழிதாளில் செய்யப்படும் ஒவ்வொரு திருத்தத்துக்கும் எனக்கு ஒரு மடல் வரும். சீசன் தொடங்கியதிலிருந்து, நான் விழித்தெழும் நேரத்துக்குள் செல்வியின் பெயரில் முப்பது, நாற்பது மடல்கள் வந்து கிடக்கும், ஞாயிற்றுக்கிழமைகளிலும். இன்று நண்பகலுக்குப் பிறகு ஒரு முறை பார்த்தேன். ஒன்றும் இல்லை.